தம்பிக்கு என்ன அனுப்புவது?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி ராணுவத்தில் சிப்பாய். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அவன் கிளம்பும்போது ஊரே கூடி பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தது. கச்சான் காற்றில் அது கிழிந்தே போய்விட்டது.

போன வாரம் போனில் சொன்னான்: "அக்கா, எப்பச் சுடலாம், எப்பச் சுடக் கூடாதுன்னு இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கார்டு குடுத்திருக்காங்க. படிச்சா ஒரு மாதிரி இருக்கு, வெளிய போனா வேற மாதிரி இருக்கு."

எங்கள் சித்தப்பா 1987-ல் இலங்கைக்குப் போன படையில் இருந்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். "சட்டம் சட்டம்னுதான் எங்க கையைக் கட்டிப் போட்டாங்க. படைக்கு ஆதரவுன்னா கேள்வி கேக்காம நிக்கிறது" என்கிறார். மண்டபம் முகாமில் இருக்கும் என் தோழியின் அம்மா 1990-ல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர். "அவங்க வந்தப்ப நாங்க பூப் போட்டம். பிறகு நடந்தது வேற" என்கிறார். இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள்.

என் கேள்விகள் இவை. போர்ச் சட்டம் சிப்பாயின் கையைக் கட்டுகிறதா? தலைமையைக் கேள்வி கேட்பது தம்பிக்குச் செய்யும் துரோகமா? இங்கிருந்து அவனுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம்.
உச்சிப்புளி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பியின் யூனிட், முகாம் இருக்கும் ஊர், ரோந்து நாட்கள் இருந்த வரிகளை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். இனி யாருக்கு எழுதினாலும் அவற்றை எழுதாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம்.

சித்தப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கையைக் கட்டியது எது என்று பார்க்க வேண்டும். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அதற்குக் கொடுத்த வேலை போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பது, இயக்கங்கள் ஒப்படைக்கும் ஆயுதங்களை வாங்கிக்கொள்வது. அக்டோபர் 10 வாக்கில் அதே படை அதே ஊரில் புலிகளோடு முழுப்போரில் இருந்தது. இடையில் பத்து வாரம்தான். வேலை தலைகீழாக மாறியபோது அதற்கேற்ற உளவுத் தகவலும் ஆள்பலமும் வந்து சேரவில்லை. டெல்லியிலிருந்து ஒரு சொல், கொழும்புத் தூதரகத்திலிருந்து ஒரு சொல், சென்னையிலிருந்த படைத் தலைமையிலிருந்து ஒரு சொல் என்று வந்ததை, அன்று பொறுப்பிலிருந்த தளபதிகளே பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

அதன் விலையைச் சிப்பாய்தான் கொடுத்தான். அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேர். ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் அங்கே காத்திருந்தார்கள். பின்னால் வர வேண்டிய படை இறங்க முடியவில்லை. 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பத்து நாள் கழித்து அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. டாக்டர், நர்ஸ், ஊழியர் என்று 21 பேர் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது படையின் தரப்பு. உங்கள் தோழியின் அம்மா "பிறகு நடந்தது" என்று நிறுத்திக்கொள்வதற்குள் இதுவும் இருக்கிறது. 1990 மார்ச் 24-ல் கடைசி ஆள் கப்பலேறும்போது நம் பக்கம் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

இந்த இரண்டு துயரங்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் முடிவு. நீ எதற்காக வந்திருக்கிறாய், யாரைக் காப்பாற்ற, எதுவரை என்று தெளிவாகச் சொல்லாமல் ஆயுதம் கொடுத்து அனுப்பினால் ஒரு நாள் சிப்பாய் சாவான், இன்னொரு நாள் நோயாளி சாவார். உங்கள் கடற்கரையில் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். தோணியை நடத்தும் தண்டல் ஒருவர்தான். பாயை இறக்கு என்று ஒருவரும் ஏற்று என்று இன்னொருவரும் கத்தினால், கவிழும்போது கயிற்றைப் பிடித்திருந்தவனைக் குறை சொல்ல முடியாது.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாதபடி, தம்பி இருக்கும் நாட்டிலேயே இது திரும்ப நடந்தது. 2016 ஜூலை 8 முதல் 11 வரை தலைநகர் ஜூபாவில் அரசுப் படைக்கும் எதிரணிக்கும் சண்டை. ஐ.நா. முகாமுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் செத்தார்கள். சீனச் சிப்பாய்கள் இருவர் இறந்தார்கள். முகாமுக்கு வெளியே நடந்த கொடுமைகளைத் தடுக்கப் படை போகவில்லை. பிறகு ஐ.நா. அமைத்த விசாரணை சொன்ன காரணம் இதுதான்: படை ஒரே தலைமையின் கீழ் இயங்கவில்லை. சீனா, எத்தியோப்பியா, நேபாளம், இந்தியா ஆகிய நாலு நாட்டுப் பிரிவுகளுக்கும் ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள் போயிருந்தன. படைத்தளபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அமைதிப்படையில் இது ஒரு முறை நடந்த விபத்தும் இல்லை. ஐ.நா.வின் உள் தணிக்கை அலுவலகம் 2014-ல் கொடுத்த அறிக்கை, 2010 முதல் 2013 வரை மக்கள் தாக்கப்பட்ட 507 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. அமைதிப்படை உடனே போனது 101-ல் மட்டும். இரட்டைத் தலைமை ஒரு காரணம் என்று அந்த அறிக்கையே சொல்கிறது: களத்தில் ஐ.நா. தளபதி ஒன்று சொல்வார், பிரிவின் தலைவர் தன் நாட்டுத் தலைநகரைக் கேட்டுவிட்டு வேறொன்று செய்வார்.

அப்படியானால் தெளிவான கட்டளை எப்படி இருக்கும்? நம் ராணுவத்தில் நல்ல பிளட்டூன் கமாண்டர் ரோந்துக்கு முன், போகும் இடத்தைத் தரையில் மணலால் சின்னதாக வரைந்து காட்டுவார். வடக்கு எது என்று முதலில் ஒரு அம்புக்குறி. ஆற்றுக்கு நீலக் கம்பளி நூல், பாதைக்கு வெள்ளைப் பொடி, குடிசைகளுக்குத் தீப்பெட்டி. சுற்றி ஆட்களை உட்கார வைத்து ஐந்து பகுதியாகச் சொல்வார். நிலவரம். பணி. எப்படிச் செய்வது. சாப்பாடு, தண்ணீர், தோட்டா, காயம்பட்டவரை எடுத்து வருவது. கடைசியாக, யார் தலைமை, ரேடியோவில் எந்த அலைவரிசை. இதில் பணியை மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது மரபு, ஏனென்றால் மற்றது எல்லாம் குலைந்தாலும் அந்த ஒரு வாக்கியம் சிப்பாயின் தலையில் நிற்க வேண்டும். பிறகு கமாண்டர் கேள்வி கேட்பார்: நான் விழுந்தால் யார் பொறுப்பு? ரேடியோ செத்தால் எங்கே கூடுவது? வழியில் கூட்டம் மறித்தால் முதலில் என்ன செய்வாய்? கடைசி வரிசையில் இருக்கும் இளைய சிப்பாய் சொல்லும் பதில்தான் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அத்தாட்சி.

பிழை பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பணியைச் சொல்லும் வாக்கியத்திலேயே வழுக்குவது. "நிலைமையைக் கட்டுப்பாட்டில் வை" என்பது கட்டளையே இல்லை. "சாயங்காலம் 6 மணி வரை இந்தக் கிணற்றுக்கும் முகாம் வாசலுக்கும் இடையே பெண்கள் தண்ணீர் எடுத்து வர வழியைத் திறந்து வை" என்பது கட்டளை. இரண்டாவது, ஏன் என்பதைச் சொல்லாமல் விடுவது. காரணம் தெரிந்தவன் நிலைமை மாறினாலும் சரியானதைச் செய்வான். காரணம் தெரியாதவன் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருப்பான், அல்லது பயத்தில் சுடுவான்.

இனி தம்பியின் கையிலிருக்கும் அட்டை. அதில் உள்ளவை, எந்த அளவு பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்ற விதிகள். தெற்கு சூடான் பணிக்கு 2011 ஜூலை 8-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 1996-ஆம் எண் தீர்மானம், மக்களைக் காக்கப் பலத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறது. தற்காப்புக்கு மட்டும்தான் சுடலாம் என்று யாராவது தம்பியிடம் சொன்னால் அது தவறு. கண்ணெதிரே மக்களைக் கொல்ல வருகிறவனைத் தடுக்கவும் சுடலாம்.

படிகள் இப்படிப் போகும். முதலில் நீலத் தொப்பியும் வெள்ளை வண்டியும் தெரியும்படி நின்று பேசுவது. அடுத்து அவர்கள் மொழியில் உரக்க எச்சரிப்பது. ஜூபா அரபியில் "நில், இல்லாவிட்டால் சுடுவேன்" என்பதை நாக்கில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும், சண்டை வேளையில் அட்டையைப் பார்த்துப் படிக்க முடியாது. பிறகு ஆயுதத்தைக் காட்டுவது, லோடு செய்யும் சத்தம் கேட்கும்படி செய்வது. பிறகு ஆபத்தில்லாத திசையில் எச்சரிக்கைச் சூடு. கடைசியாகக் குறிபார்த்துச் சுடுவது, அதுவும் ஆபத்து நின்றதும் நிறுத்துவது. காத்திருந்தால் உயிர் போகும் என்ற நிலையில் நடுப்படிகளை விட்டுவிட்டு நேரே கடைசிப் படிக்குப் போகலாம் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. கையைக் கட்டிவிட்டார்கள் என்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள். அல்லது யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எச்சரிக்கைச் சூட்டைப் பற்றி இன்னொன்று. அது பாதுகாப்பான படி என்று பலர் நினைக்கிறார்கள். மேலே போன தோட்டா எங்காவது விழும். பாறையிலோ கெட்டித் தரையிலோ பட்டது திரும்பி வரும். சந்தைக் கூட்டத்தில் ஒரு சத்தம் கேட்டதும் அடுத்த பிரிவு தங்கள்மேல் சுடுவதாக நினைத்துச் சுடத் தொடங்கும். எந்தத் திசையில், யார் சொல்லி, எத்தனை தோட்டா என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சுட்ட பிறகு நேரம், இடம், எண்ணிக்கை, விளைவு நாலையும் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம்தான் பின்னாளில் சிப்பாயைக் காக்கும்.

போர்ச் சட்டத்தின் அடிப்படை சில வரிகளில் அடங்கும். போராளி வேறு, குடிமக்கள் வேறு என்று பிரித்துப் பார். தாக்குதலில் கிடைக்கும் ராணுவப் பலனுக்கு மிஞ்சிய சேதத்தை மக்களுக்குச் செய்யாதே. மக்களுக்கு ஆபத்து வரக்கூடிய தாக்குதல் என்றால், முடிந்தவரை முன்பே எச்சரி. சரணடைந்தவனையும் காயம்பட்டவனையும் தொடாதே. 1949 ஜெனிவா ஒப்பந்தங்களை இந்தியா 1950-ல் ஏற்றது, 1960-ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டது. ஆஸ்பத்திரியைப் பற்றி நாலாவது ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவு சொல்வது, யாழ்ப்பாணத்தை நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது. உள்ளேயிருந்து எதிரி சுட்டாலும், முதலில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். தகுந்த அவகாசம் கொடுக்க வேண்டும். அதையும் மீறினால்தான் அந்தக் கட்டடம் பாதுகாப்பை இழக்கும். அப்போதும் கட்டிலில் கிடப்பவரும் அவருக்கு ஊசி போடுபவரும் இலக்கு இல்லை. இது வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன், பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் அரண் தேடிப் போங்கள் என்று அறிவித்தான் என்கிறது சங்கப்பாட்டு. அவன் உங்கள் பாண்டிய நாட்டு மன்னன்.

இந்த நெறியால் படைக்கு நஷ்டம் என்பவர்களுக்கு 1971 வங்கதேசப் போரைக் காட்டலாம். டாக்கா வாசலில் நின்ற இந்தியப் படையைப் போலப் பல மடங்கு பாகிஸ்தான் படையினர் நகருக்குள் இருந்தார்கள். சரணடைந்தால் ஜெனிவா ஒப்பந்தப்படி நடத்துவோம் என்று அன்றைய நம் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா ரேடியோவில் மறுபடி மறுபடி சொன்னார். டிசம்பர் 16-ல் கையெழுத்தான சரண் பத்திரத்திலும் அந்த உறுதிமொழி இருக்கிறது. 93,000 பேர் பிடிபட்டார்கள். அந்த வாக்கை நம்பியிராவிட்டால் டாக்காவில் தெருத்தெருவாகச் சண்டை நடந்திருக்கும், நம் ஆட்கள் எத்தனையோ பேர் திரும்பியிருக்க மாட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டனின் கேப்டனையும் இங்கே நினைக்கலாம். தான் மூழ்கடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடித்தார். எதிரிகளே அவரை மதித்தார்கள். நாம் அவர் கப்பலின் பெயரை ஊர்ப்பேச்சில் வைத்துக்கொண்டோம், இந்த நடத்தையை மறந்துவிட்டோம்.

உங்கள் இரண்டாவது கேள்வி. 1950 ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. 'சட்டபூர்வமான' என்ற சொல் சும்மா போட்டதில்லை. கைதியை அடி, வீட்டைக் கொளுத்து என்பவை அந்தச் சொல்லுக்குள் வரமாட்டா. வெளிநாட்டில் குடிமக்களைக் கொன்றால் அதை விசாரிக்கும் அதிகாரம் நம் ராணுவ நீதிமன்றத்துக்கே உண்டு என்பது 70-ஆம் பிரிவு. அங்கே நடந்தது அங்கேயே போய்விடும் என்று யாரும் இருக்க முடியாது. ஆகவே தலைமை தெளிவாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது, தம்பி பிற்காலத்தில் நீதிமன்றத்தில் நிற்காமலும் தூக்கம் கெடாமலும் இருக்கக் கேட்பதுதான்.

கேட்க வேண்டியதை உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள். அவர் மக்களவையில் கேட்கலாம். பணி என்ன, எப்போது முடியும்? ஐ.நா. தளபதி சொல்லுக்கும் நம் தலைமை சொல்லுக்கும் மோதல் வந்தால் எது நிற்கும் என்று எழுத்தில் இருக்கிறதா? காயம்பட்டால் 10 நிமிடத்தில் முதலுதவி, 1 மணி நேரத்தில் உயர் சிகிச்சை, 2 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை என்பது ஐ.நா. வைத்திருக்கும் அளவுகோல். தம்பி மாதிரிப் பிள்ளைகள் இருக்கும் தொலைதூர முகாம்களில், ராத்திரியிலும் மழைக்காலத்திலும், அதை நிறைவேற்ற ஹெலிகாப்டர் இருக்கிறதா? 2013 டிசம்பர் 19-ல் அகோபோ என்ற ஊரின் ஐ.நா. முகாமை ஆயுதக் கும்பல் சூழ்ந்து தாக்கியபோது நம் படையினர் இருவர் இறந்தார்கள். ஃபிளெக்ஸுக்குச் செலவழித்த ஊர் இந்தக் கேள்விகளுக்கு ஒரு மனு எழுதினால் தம்பிக்கு அது பெரிய துணை.

தம்பி சொன்ன குழப்பத்துக்கு வருகிறேன். அவன் கேட்க வழி இருக்கிறது, கேட்பது தப்பும் இல்லை. முதலில் தன் செக்‌ஷன் கமாண்டரிடமும் சுபேதார் சாகிப்பிடமும், அட்டையில் தனக்குப் புரியாத வரியைக் காட்டி, "இந்த நிலைமையில் நான் என்ன செய்யணும்?" என்று ஒரு குறிப்பிட்ட நிலைமையைச் சொல்லிக் கேட்கட்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தீரவில்லையென்றால், அதிகாரி சிப்பாய்களைக் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனத்தில் எழுந்து கேட்கலாம், கம்பெனி கமாண்டரிடம் இன்டர்வியூ கேட்டுப் போகலாம். இதே குழப்பம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கும் இருக்கும், ஒருவன் கேட்டால் பத்துப் பேருக்குத் தெளியும்.

நீங்கள் இங்கே செய்ய வேண்டியவற்றில் காகித வேலைதான் முக்கியம். தம்பிக்குத் திருமணம் ஆகியிருந்தால், குழந்தை பிறந்திருந்தால், அது யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக, அதாவது சர்வீஸ் ரெக்கார்டில் ஏறும் குடும்ப விவரமாக, பதிவாகியிருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். ஆதாரில் ஒரு எழுத்தும் சர்வீஸ் ரெக்கார்டில் வேறு எழுத்தும் இருந்து, பென்ஷனுக்காக வருஷக்கணக்கில் அலையும் குடும்பங்கள் உண்டு. ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணியிலிருப்பவர் குடும்பத்துக்கும் வழி சொல்வார்கள்.

இங்கே வெளியிடாத இன்னொரு பகுதியில், பட்டா வழக்கு ஒன்று நடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு 1925-ஆம் வருஷத்து இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் இருக்கிறது. கடல்கடந்த பணியில் இருக்கும் சிப்பாய் வர முடியாமல் வழக்கு நடந்தால், கலெக்டர் அதை நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும், அவனில்லாமல் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பல வக்கீல்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை. யூனிட்டிலிருந்து அவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்ற கடிதம் வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு கொடுங்கள். நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள். வழக்குக்காக லீவு கொடுத்திருக்கிறோம் என்ற ராணுவ அதிகாரியின் சான்றிதழைக் காட்டினால், முடிந்தவரை அந்த லீவுக்குள் விசாரணையை முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது.

தெற்கு சூடான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9.30 என்றால் அங்கே மாலை 6, ரோந்து முடிந்து ஆயுதம் துடைத்து வைத்திருக்கும் நேரம். அப்போது பேசுங்கள். டிவியில் பார்த்த சண்டைச் செய்தியை அவனிடம் ஒப்பிக்க வேண்டாம். பட்டா வழக்குக்கு மனு கொடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தால் போனை அவரிடம் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் தனக்கு எந்தக் கட்டளை தெளிவாக வந்தது, எது வரவில்லை என்று அவர் சொல்லட்டும். அவனுக்கு அதைச் சொல்ல உங்கள் வீட்டில் அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை.